படத்தில் ஒன்றுமில்லை

திருச்சி புத்தூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் எக்ஸ்ரே நிலையத்தில் பாக்கியநாதன் இருபத்தாறு வருடம் படம் எடுத்தார். எடுப்பதுதான் அவர் வேலை. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவர் டாக்டர். டெக்னீஷியனிடம் எதையும் கேட்கக் கூடாது என்று சுவரில் போர்டே மாட்டியிருந்தார்கள். ஆனால் ஈரம் சொட்டும் ஃபிலிமைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டு இருட்டறையிலிருந்து ஒரு மனிதர் வெளியே வந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களால் கேட்காமல் இருக்க முடியுமா? "என்னங்க இருக்கு?" என்று எழுந்து வந்துவிடுவார்கள். அவரும் சொல்லிவிடுவார்.

"ஒண்ணுமில்லைங்க."

அது அவர் வாயில் ஊறிப்போன சொல். மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று நம்பித் தலைவாரி, பவுடர் பூசி, கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு மெஷின் முன்னால் வந்து நின்றாள். பாக்கியநாதன் சிரிக்கவில்லை. "நல்லா விழும்மா, மூச்சை மட்டும் இழுத்துப் பிடிங்க" என்றார். படத்தில் அந்த அம்மாளின் வலது நுரையீரல் அரித்துப் போயிருந்தது. அவளிடமும் "ஒண்ணுமில்லைங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார்.

டோக்கன் எழுதும் அப்துல் சலாம் இதை வைத்தே அவரைக் கேலி செய்வார். "மணப்பாறைச் சந்தையில மாடு முட்டி கை ரெண்டாப் போயி வந்தாரே, அவருக்கும் ஒண்ணுமில்லையாண்ணே? அப்ப யாருக்குத்தான் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லைன்னா, நிஜமாவே ஒண்ணுமில்லைன்னா அர்த்தம், சலாம்? பயப்படாதேன்னு அர்த்தம்."

அவர் சொன்னதும் சரிதான். நாம் எல்லாரும் அந்த அர்த்தத்தில்தானே சொல்கிறோம். குழந்தை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும் ஒன்றுமில்லை, வீட்டில் இழவு விழுந்து அழுகிறவளைத் தோளில் தட்டும்போதும் ஒன்றுமில்லை. சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். இரண்டு பேரில் ஒருவர் அதை நிஜமாகவே நம்பிவிட்டால்தான் வினை.

பாக்கியநாதன் குடியிருந்தது மேலப்புதூரில், கோயில் மணி வீட்டுக்குள் கேட்கும் தூரத்தில். மனைவி லூர்துராணி. ஒரே மகள் ரோசரி. லூர்துராணிக்கு எல்லாமே மாதாதான். ரேஷனில் சர்க்கரை கிடைத்தாலும் மாதா, கிடைக்காவிட்டாலும் மாதா. சாயங்காலம் விளக்குப் போட்டதும் மூன்று பேரும் முழங்கால் போட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும். ஐம்பத்து மூன்று மணி முடியும்வரை யாரும் சுவரில் சாயக் கூடாது. பாக்கியநாதன் மட்டும் நடுவில் மெல்லக் குதிகாலில் உட்கார்ந்துவிடுவார். லூர்துராணி மணி எண்ணிக்கொண்டே கண்ணாலேயே அதட்டுவாள்.

ரோசரி கல்லூரியில் பூப்பந்து ஆடினாள். மஞ்சள் நூல் பந்து, ஒரு பக்கம் ஐந்து பேர். அதில் நடுவில் நிற்கிறவள் அவள். குட்டையாக இருந்தாலும் எம்பினாள் என்றால் பந்து தப்பாது. பி.ஏ. முடித்ததும் உடற்கல்விப் பயிற்சியில் சேர்ந்து பி.டி. டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் எண்ணம். வேறு எந்த வேலையும் அவள் யோசித்ததே கிடையாது. விசில் ஒன்றை முன்கூட்டியே வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தாள்.

1977 டிசம்பர், கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஆட்டம். பின்னால் போன பந்தை எம்பித் திருப்பியவள் இடது காலில் இறங்கினாள். பாதம் தரையில் ஊன்றி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. உள்ளே 'மளுக்' என்று ஒரு சத்தம் கேட்டதாக அவள் சொன்னாள். சாயங்காலத்துக்குள் முழங்கால் பலாப்பிஞ்சாக உப்பிவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் பாக்கியநாதன் நிலையத்தின் சாவியை வாங்கிக்கொண்டு மகளை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டிப் போனார். தன் மகளுக்குத் தானே எடுக்கும் படம். முன்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கால் அசையாமல் இரண்டு பக்கமும் மணல் பை வைத்தார். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போக் கரைசலில் ஃபிலிமை வழக்கத்தைவிட அதிக நேரம் விட்டார். அன்று விழுந்த மாதிரி படம் அவர் கையில் அதற்கு முன் விழுந்ததில்லை. எலும்பின் உள்வரிகள்கூடத் தெரிந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா!" என்றார்.

அவர் வாழ்க்கையிலேயே அந்தச் சொல்லை ஆறுதலுக்காக இல்லாமல், உண்மை என்று நம்பிச் சொன்னது அன்றைக்குத்தான்.

நிலையத்து டாக்டரும் பார்த்தார். எலும்பு முறிவு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். மூன்று வாரம் துணிக்கட்டு, ஓய்வு. வீக்கம் வடிந்தது. ரோசரி நடந்தாள், மாடிப்படி ஏறினாள், பொங்கலுக்குக் கோலமும் போட்டாள். பிறகு ஒரு நாள் படியில் நின்றபடியே கூப்பிட்டாள்.

"அப்பா, கால் நடுவுல மாட்டிக்குதுப்பா. உள்ள என்னமோ உருண்டு வந்து குறுக்க நிக்கிது. உதறினாத்தான் விடுது."

"ரொம்ப நாள் கட்டுல இருந்த கால் இல்லையா, அப்படித்தாம்மா இருக்கும். படம் சுத்தமா இருக்கே."

அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரம் மைதானத்தில் கால் மடங்கி விழுந்தாள். விளையாட்டு டீச்சர், அடிபட்ட பயம் மனசில் இருக்கிறது, துணிந்து இறங்கு என்றார். வீட்டில் ஜெபமாலைக்கு முழங்கால் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தாள். லூர்துராணிக்கு அது பொறுக்கவில்லை.

"உங்கப்பா இருபது வருஷமா படம் எடுக்குறாங்க. அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?"

ரோசரி நீட்டிய காலைத் துணியால் மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு வலியைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். ஒரு பெண் வலிக்கிறது என்கிறாள், அப்பன் படத்தைக் காட்டுகிறான். அந்தப் படத்தோடு அவள் எப்படிச் சண்டை போடுவாள்?

லூர்துராணி வேண்டிக்கொண்டாள். கால் நல்லபடியாக ஆகி மகள் பயிற்சியில் சேர வேண்டும், அதற்காக மகளே வேளாங்கண்ணியில் மணல் பாதை முழுக்க முழங்காலால் நடந்து வருவாள் என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்துகொண்டது மகளைக் கேட்காமல். முழங்காலுக்காக வேண்டினால் முழங்காலால்தானே செலுத்த வேண்டும் என்பது அவள் நியாயம். அந்த வீட்டில் அது யாருக்கும் தப்பாகவும் தெரியவில்லை.

1978 மே மாதம் கிளம்பினார்கள். போன அன்று சாயங்காலம், பாதை தொடங்கும் இடத்தில் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ரோசரி, அம்மாவைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நான் முழங்காலால நடக்கலாமா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நடக்குறேன்."

பாக்கியநாதன் இந்த இடத்தைப் பின்னால் எத்தனை ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருப்பார் என்று கணக்கில்லை. வேண்டாம் என்று சொல்ல அவரிடம் காரணம் இல்லை. மனைவி பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நிற்கிறாள். படம் சுத்தம். மகள் முகத்தில் பயம் இருந்தது, அவர் பார்க்காமல் இல்லை. பயப்படுகிறவர்களுக்குச் சொல்ல அவருக்குத் தெரிந்தது ஒரே சொல்.

"ஒண்ணுமில்லம்மா. போ."

அவள் இறங்கினாள். லூர்துராணி கூடவே ஜெபம் சொல்லிக்கொண்டு நடந்தாள். பாக்கியநாதன் மறுபக்கம் சாய்வெயிலுக்குக் குடை பிடித்தார். முன்னால் ஒரு கிழவர், பின்னால் ஒரு கைக்குழந்தைக்காரி, எல்லாரும் முழங்காலில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. ரோசரியின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது, ஆனால் நிறுத்தவில்லை. அப்புறம் நின்றாள். சத்தம் போடவில்லை. கை மட்டும் அப்பாவின் வேட்டியைப் பிடித்தது.

"மாட்டிக்கிச்சுப்பா. இந்தத் தடவ விடல."

கால் மடங்கினபடியே பூட்டிக்கொண்டுவிட்டது. நீட்ட முடியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து நீட்டப் பார்த்தபோதுதான் அவள் அலறினாள். பாக்கியநாதன் மகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டார். நேர்ச்சை பாதியில் நிற்கக் கூடாது என்று லூர்துராணி மகள் நின்ற இடத்திலேயே மண்டியிட்டு மிச்சப் பாதையைத் தான் நடந்து முடித்தாள். அழுதுகொண்டே முடித்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள்.

நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறி வந்தார்கள். ரோசரி கடைசி சீட்டில் அப்பா மடியில் காலை வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு குழிக்கும் அவர் உள்ளங்கையால் முழங்காலைத் தாங்கினார். மூன்றாம் நாள் வீட்டில் திரும்பிப் படுத்தபோது 'டக்' என்று தானாகவே விட்டது. உடனே மறுபடி படம் எடுத்தார். பழைய படத்தின் மேல் புதுப் படத்தை வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். அதே சுத்தம். அந்தச் சுத்தத்தைப் பார்த்து முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது.

அப்துல் சலாம்தான் வழி சொன்னார். "ஸ்ரீரங்கத்துல தேசிகன்னு ஒரு டாக்டர் வந்திருக்காருண்ணே. எலும்பு டாக்டர். சீமையில படிச்சவரு. கூட்டம் இல்ல, நின்னு நிதானமாப் பாக்குறாரு."

ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போனார்கள். கீழச் சித்திரை வீதியில் வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக். நெற்றியில் நாமம், வெள்ளைச் சட்டை, நாற்பது வயதிருக்கும். பாக்கியநாதன் தன் பேரையும் வேலையையும் சொல்லி, உட்காரும் முன்பே கவரிலிருந்து படங்களை உருவினார்.

"அதைக் கீழ வைங்கோ. அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். ரோசரியின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உனக்கு என்ன பண்றது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் பேச ஆரம்பித்தாள். மளுக்கென்ற சத்தம், உருளுவது, மாட்டுவது, எந்தப் பக்கத்தில், எத்தனை டிகிரி மடங்கும்போது, எல்லாம் சொன்னாள். பாக்கியநாதனுக்கு அதில் பாதி புதுச் செய்தி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தன் மகள் இவ்வளவும் அனுபவித்தாள் என்பது அவருக்கு ஸ்ரீரங்கத்தில் வைத்துத்தான் தெரிந்தது.

டாக்டர் அவளைப் படுக்க வைத்தார். காலை முழுக்க மடக்கிப் பாதத்தைப் பிடித்துத் திருகியபடி மெல்ல நீட்டினார். இன்னொரு கை மூட்டின் உள்பக்கத்தில் இருந்தது. 'டிக்' என்றது.

"இதான்! இதான் டாக்டர்!" ரோசரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். களவு போன பொருளைக் கண்டுபிடித்தவள் போல அப்படி ஒரு சந்தோஷம்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். "ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தையாட்டம் ரெண்டு பிறை இருக்கு. அதுல ஒண்ணு கிழிஞ்சு, துண்டு நடுவுல வந்து சிக்கறது. பாக்கியநாதன், எக்ஸ்ரேல ஜவ்வு தெரியாதே. அது வழியாப் பூந்து போயிடுமே. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதான் அவரைக் கொன்றது. மெட்ராஸில் டெக்னீஷியன் பயிற்சி எடுத்தபோது முதல் மாதமே சொல்லிக் கொடுத்த பாடம் அது. எலும்பு பிடிக்கும், ஜவ்வு பிடிக்காது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறார். இருபது வருடத்தில் எலும்பையே பார்த்துப் பார்த்து, தெரிவது மட்டும்தான் இருக்கிறது என்று மனசு பழகிவிட்டது.

"முழங்காலால் நடக்க வெச்சோம் டாக்டர்" என்றார்.

டாக்டர் கீழே கிடந்த படங்களை எடுத்துக் கவரில் போட்டார். "மடக்கி அழுத்தினா கிழிசல் பெருசாகும்" என்று மட்டும் சொன்னார்.

உறுதி செய்துகொள்ள ஒரு பரிசோதனை இருந்தது. மூட்டுக்குள் மருந்தும் காற்றும் ஊசியால் ஏற்றிப் படம் எடுப்பது. புத்தூர் நிலையத்துக்கே தேசிகன் வந்து ஊசி போட்டார். காலை ஒவ்வொரு கோணமாகத் திருப்பி எட்டுப் படங்களை எடுத்தவர் பாக்கியநாதன். இருட்டறையின் சிவப்பு விளக்கில், டெவலப்பரில் மிதந்த ஆறாவது ஃபிலிமில், சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன முக்கோணம் தெரிந்தது. அதுதான் ஜவ்வு. இத்தனை வருடத்தில் அவர் முதல் தடவையாக அதைப் பார்க்கிறார். முக்கோணத்துக்குக் குறுக்கே மருந்து புகுந்து ஒரு வெள்ளைக் கீற்று ஓடியிருந்தது. மகள் ஐந்து மாதமாகச் சொன்ன அதே இடம். வெளியே வந்து பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்துகொண்டார்.

செய்வதற்கு அப்போது இருந்தது ஒரே வைத்தியம். மூட்டைத் திறந்து ஜவ்வை முழுக்க எடுத்துவிடுவது. "ஆனா வெளிநாட்டுல இப்போ பேனா பருமன்ல ஒரு குழாய் வெச்சுப் பண்றா" என்றார் தேசிகன். "சின்னதா ரெண்டு துவாரம். உள்ளயே பாத்து, கிழிஞ்ச துண்டை மட்டும் எடுத்துடலாம். நல்ல ஜவ்வு தங்கும். மெட்ராஸ்ல என் சிநேகிதர் ஒருத்தர் அதைக் கத்துண்டிருக்கார். ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷம். திறந்து பண்றதுன்னா இப்பவே பண்ணலாம். முடிவு உங்களது."

ஒரு தடவை யோசிக்காமல் சொல்லி மகளின் காலைக் கெடுத்தவர் இந்தத் தடவை யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் "காத்திருப்போம் டாக்டர்" என்றார். ரோசரியும் சரியென்றாள். அப்பா சொன்னதற்குச் சரியென்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

ஒரு வருடம் இரண்டாகி, இரண்டு ஐந்தாயிற்று. கருவி வந்தது என்றார்கள், லென்ஸ் உடைந்து திரும்பப் போனது என்றார்கள், மெட்ராஸ் டாக்டரே மேல்படிப்புக்குக் கிளம்பிவிட்டார் என்றார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை பாக்கியநாதன் ஸ்ரீரங்கம் போய்க் கேட்பார். தேசிகன் அவர் எதிரிலேயே மெட்ராஸுக்குக் கடிதம் எழுதுவார். பயிற்சிக்கான உடல் தகுதிச் சோதனைக்கு ரோசரி போகவே இல்லை. டைப்ரைட்டிங் படித்தாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அலுவலக எழுத்தர் வேலை கிடைத்தது. அவள் மேஜை ஜன்னலோரம், ஜன்னலுக்கு வெளியே மைதானம். விசில் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிர்கிறாளா என்று ஒருநாள் அவளுக்குச் சோறு கொண்டுபோன பாக்கியநாதன் வாசலில் நின்று பார்த்தார். நிமிரவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

1981-இல் மணப்பாறையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணுக்குக் காலில் ஏதோ குறை என்று காதில் விழுந்ததாக இழுத்தார்கள். லூர்துராணி சட்டென்று உள்ளே போய் அந்தப் பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்துவந்து நீட்டினாள். "பாருங்க, ஒரு குறையும் இல்ல. எங்க வீட்டுக்காரரே எடுத்தது." பெண்ணின் போட்டோ கேட்டு வந்தவர்கள் முழங்கால் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைத் தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, தெரிந்தவர் போலத் தலையாட்டினார். ரோசரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. காபித் தட்டோடு பாயிலிருந்து எழுந்தவளுக்கு அந்த நேரம் பார்த்துக் கால் பூட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்து நின்றாள். அவர்கள் முறுக்குப் பொட்டலத்தை வைத்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள், தகவல் வரவில்லை.

அன்றைக்குப் பாக்கியநாதன் அந்தச் சுத்தமான படங்களை எல்லாம் கிழித்துப் போட்டார். எக்ஸ்ரே ஃபிலிம் லேசில் கிழியாது. கத்தரிக்கோல் வேண்டியிருந்தது.

1983 ஜூனில் தேசிகன் ஆள் அனுப்பினார். கருவி வந்துவிட்டது, டாக்டரும் வந்துவிட்டார். தேசிகனும் கூட வருகிறேன் என்றார். மெட்ராஸில் அந்த டாக்டர் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார். ரோசரி முழித்திருந்தாள், முகத்துக்கும் காலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி. பாக்கியநாதன் இதே தொழிலில் இருக்கிறவர் என்று தேசிகன் சொன்னதால் அவருக்கும் அங்கி மாட்டி, வாயைக் கட்டி, ஓரமாக நிற்க அனுமதித்தார்கள்.

இரண்டு சின்னத் துவாரம். உப்புத் தண்ணீர் உள்ளே போனது. டாக்டர் குழாயின் முனையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு நிமிர்ந்து, "வாங்க, கையைப் பின்னால கட்டிக்கிட்டு, ஒட்டாமப் பாருங்க" என்றார்.

பாக்கியநாதன் குனிந்தார். கறுப்பும் சாம்பலுமாகவே எல்லாரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உள்ளே வெளிச்சமாக இருந்தது. தேங்காய்ப் பத்தை நிறத்தில் வழவழப்பாக ஒரு மேடு. அதன் கீழே ஜவ்வு நார் நாராகக் கிழிந்து, ஒரு நாக்கு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நாக்கு போய்வந்து தேய்த்த இடத்தில் வழவழப்பு இல்லை. உள்ளங்கால் வெடிப்பு மாதிரி பிளந்து, நடுவில் மஞ்சளாக எலும்பு தெரிந்தது.

"கிழிஞ்சதை எடுத்திருவேன்" என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில். "பூட்டிக்கிறது நின்னுடும். ஆனா மேல்பூச்சு தேஞ்சு போச்சு. அது வளராது. அதுக்கு இன்னிக்கி யார்கிட்டயும் வைத்தியம் இல்லீங்க. ரெண்டு மூணு வருஷம் முன்னால வந்திருந்தா…" மிச்சத்தை அவர் சொல்லவில்லை.

இரண்டு மூன்று வருடம் முன்னால் அவர்கள் எங்கே வருவது? குழாயே இல்லையே. திறந்து பண்ணியிருக்கலாம். முழங்காலால் நடக்காமல் இருந்திருக்கலாம். படியில் நின்று கூப்பிட்ட அன்றைக்கே கேட்டிருக்கலாம். பாக்கியநாதன் அங்கி போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த அறையில் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரோசரி கேட்டாள். "அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"இருக்கா?"

"இருக்கும்மா. நீ சொன்ன இடத்துலயே இருக்கு. நீ சொன்னது எல்லாமே இருக்கு."

பாக்கியநாதன் தலைமாட்டுக்குச் சுற்றிப் போனார். ரோசரி கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்க அவளால் கையைத் தூக்க முடியவில்லை, இரண்டு கையையும் கட்டியிருந்தார்கள். அவர்தான் துடைத்தார்.

"நான் கூட, எனக்கே பைத்தியமோன்னு நெனச்சேம்பா" என்றாள். முகம் தெளிந்திருந்தது. பிறகு, ஐந்து வருடமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டாள். "இனிமே ஓடலாமாப்பா?"

பாக்கியநாதனுக்கு வாய் திறந்தது. எந்தப் பெஞ்சில் உட்கார்ந்த எவருக்கும் யோசிக்காமல் கொடுத்த அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை. வேறு எதுவும் வரவில்லை. வாய்க்கட்டுக்கு மேல் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. ரோசரி அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். ரோசரி, கட்டின கையிலிருந்து விரலை மட்டும் நீட்டி அப்பாவின் அங்கி நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா" என்றாள். "அழாதீங்க. ஒண்ணுமில்ல."